வீட்டுக் கணினியின் பின்னணிச் சேவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்களோ அக்கம்பக்கத்தினரோ தங்கள் மடிக்கணினி மந்தமாகிவிட்டது என்று சொல்லும்போதெல்லாம், பின்னணிச் சேவைகளைப் பற்றிய அதே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும்படி விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் ஆங்கிலத் திரையையே பயன்படுத்துவதால், திரையில் தேட வேண்டிய பெயர்களை ஒலிபெயர்த்து மேற்கோள் குறிக்குள் தந்துள்ளேன்.

பின்னணிச் சேவை என்றால் என்ன? நான் திறக்காத ஒன்று ஏன் ஓட வேண்டும்?

தனக்கென்று சாளரம் இல்லாமல், பயனர் எவரும் உள்நுழையாதபோதும் இயங்கக்கூடிய நிரலையே சேவை என்கிறோம். கடவுச்சொல் கேட்கும் திரை வரும்போதே வைஃபை இணைந்திருப்பதும், அச்சுப்பொறிக்கு அனுப்பிய தாள்கள் வரிசையில் காத்திருப்பதும், ஒலிபெருக்கியில் ஓசை வருவதும் ஏதோ ஒரு சேவை முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிட்டதால்தான். இவற்றைத் தொடங்குவது, நிறுத்துவது, விழுந்தால் எழுப்புவது எல்லாவற்றையும் 'சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர்' என்னும் பகுதி பார்த்துக்கொள்கிறது.

விண்டோஸ் விஸ்டா முதல், பாதுகாப்புக்காகச் சேவைகள் பயனரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமர்வில் வைக்கப்பட்டுள்ளன. அதனால் அவை உங்கள் திரையில் நேரடியாகச் சாளரம் எதையும் திறக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது என்பதையே சந்தேகத்துக்குரிய காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை.

இவற்றை எங்கே போய்ப் பார்ப்பது?

விண்டோஸ் விசையை அழுத்தி 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் பட்டியல் திறக்கும். 'டாஸ்க் மேனேஜர்' உள்ளேயும் ஒரு 'சர்வீசஸ்' பக்கம் உண்டு. ஆனால் அது விரைவாகப் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும். முழுப் பட்டியலில் ஏதேனும் ஒரு பெயரை இருமுறை சொடுக்கினால், அதன் விளக்கம், அது எந்தக் கோப்பிலிருந்து ஓடுகிறது, எப்போது தொடங்குகிறது, எதைச் சார்ந்திருக்கிறது ஆகிய அனைத்தும் தெரியும். எதையும் மாற்றும் முன் அந்த விளக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பல கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

பட்டியலில் இருநூறுக்கு மேல் இருக்கிறதே, அத்தனையும் ஓடி என் ரேமைத் தின்கிறதா?

இல்லை. 'ஸ்டேட்டஸ்' என்னும் நெடுவரிசையில் 'ரன்னிங்' என்று குறித்திருப்பவை மட்டுமே இப்போது ஓடுகின்றன. அந்த நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் ஓடுபவை ஒன்றாகத் திரளும். மற்றவை வட்டில் தூங்கும் கோப்புகளே. அவற்றால் நினைவகத்துக்குச் செலவில்லை.

அடுத்த நெடுவரிசையான 'ஸ்டார்ட்அப் டைப்' இன்னும் முக்கியமானது. 'ஆட்டோமேட்டிக்' என்றால் கணினி தொடங்கும்போதே தொடங்கும். அதனுடன் 'டிலேய்டு ஸ்டார்ட்' என்று இருந்தால், தொடக்க நெரிசல் தணியட்டும் என்று ஏறக்குறைய இரண்டு நிமிடம் பொறுத்துத் தொடங்கும். 'மேனுவல்' என்றால் வேறு யாராவது கேட்கும்போது மட்டும் எழும். 'டிஸேபிள்டு' என்றால் யார் கேட்டாலும் எழாது. 'டிரிகர் ஸ்டார்ட்' என்று சேர்ந்திருப்பவை குறிப்பிட்ட ஒரு நிகழ்வுக்காகக் காத்திருப்பவை. புளூடூத் கருவி இணையும்போது எழும் சேவையை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். விண்டோஸின் சொந்தச் சேவைகளில் பெரும் பகுதி இப்படித் தேவைக்கேற்ப எழுந்து அடங்கும்படிதான் அமைந்துள்ளது. இதைப் புரிந்துகொண்டால், நூற்றுக்கணக்கில் முடக்கினால் கணினி பறக்கும் என்ற எதிர்பார்ப்பு தானாகவே குறைந்துவிடும்.

'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று ஐம்பது அறுபது வரிகள் வருகின்றன. ஒரே நிரல் ஏன் இத்தனை முறை?

பல சேவைகள் தனித்து ஓடும் நிரல்களாக எழுதப்படாமல், வேறொரு நிரல் ஏற்றினால்தான் ஓடும் நிரலகக் கோப்புகளாக எழுதப்பட்டுள்ளன. அவற்றை ஏற்றி ஓட்டுவதற்கான பொது ஊர்திதான் 'சர்வீஸ் ஹோஸ்ட்'. முன்பு நினைவகத்தைச் சேமிப்பதற்காகப் பல சேவைகளை ஒரே ஊர்தியில் ஏற்றினார்கள். அதில் ஒன்று விழுந்தால் உடன் இருந்தவையும் விழுந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல், 3.5 ஜிபி அல்லது அதற்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனி ஊர்தியில் ஓடுகின்றன.

எனவே எண்ணிக்கை கூடியிருப்பது நோயின் அறிகுறி அன்று. ஒரு வகையில் இது நமக்கு நன்மையே: எந்தச் சேவை செயலியை ஆக்கிரமிக்கிறது என்பதை 'டாஸ்க் மேனேஜர்' இப்போது பெயரோடு காட்டுகிறது.

எதையெல்லாம் நிறுத்தலாம்? ஒரு லிஸ்ட் கொடுத்தால் போதும்.

பட்டியல் தர நான் விரும்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒருவர் வீட்டில் தேவையற்றதாக இருக்கும் சேவை இன்னொருவர் வீட்டில் பிள்ளையின் இணைய வகுப்புக்கோ அச்சுப்பொறிக்கோ அடிப்படையாக இருக்கும். நீளமான பட்டியலை ஒரே மூச்சில் பின்பற்றியவர்களுக்கு, மூன்று வாரம் கழித்து ஏதோ ஒன்று இயங்காதபோது, எந்த மாற்றத்தால் அது நின்றது என்று கண்டுபிடிக்க வழியே இருப்பதில்லை.

பட்டியலுக்குப் பதிலாக ஒரு வரிசைமுறையைச் சொல்கிறேன். முதலில் விண்டோஸுக்குச் சொந்தமில்லாதவற்றைப் பாருங்கள். 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்னும் கருவியைத் திறந்து, 'சர்வீசஸ்' பக்கத்தின் அடியில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தில் குறியிட்டால், வெளியிலிருந்து வந்தவை மட்டும் மிஞ்சும். விளையாட்டுக் கடைகளின் உதவியாளர்கள், எப்போதோ இணைத்த கைப்பேசியின் ஒத்திசைவு நிரல், விற்றுவிட்ட அச்சுப்பொறியின் மேலாளர், மடிக்கணினியோடு வந்த விளம்பர நிரல்கள் என்று அங்கே நிறையக் கிடைக்கும். என் அனுபவத்தில் உண்மையான பலன் இந்தச் சிறு பட்டியலிலிருந்துதான் வருகிறது. இவற்றில் தேவையற்றதன் சேவையை மட்டும் நிறுத்துவதைவிட, அந்த மென்பொருளையே நீக்கிவிடுவது மேல். ஆனால் வரைகலை அட்டை, தொடுபலகை, ஒலி, கைரேகை உணரி ஆகியவற்றின் சேவைகளும் இதே பட்டியலில் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். உலாவியின் புதுப்பிப்புச் சேவையையும் விட்டுவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் அதன் பழைய 'ஸ்டார்ட்அப் டைப்' என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில நாள் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். கீழே வரும் பல சிக்கல்கள் இந்த மூன்றில் ஒன்றைத் தவிர்த்ததால் வந்தவை.

ஆன் செய்ததிலிருந்து டிஸ்க் நூறு சதவீதம் காட்டுகிறது. 'சிஸ்மெயின்' தான் காரணம், அதை நிறுத்து என்கிறார்கள். சரியா?

சில கணினிகளில் சரி, எல்லாவற்றிலும் அன்று. விஸ்டா காலத்தில் 'சூப்பர்ஃபெட்ச்' என்ற பெயரில் வந்த இச்சேவை, விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து 'சிஸ்மெயின்' என்று அழைக்கப்படுகிறது. நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் நிரல்கள் எவை என்று கவனித்து, அவற்றின் பகுதிகளை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுவந்து வைப்பது இதன் வேலை. சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினியில், குறிப்பாக ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால், இந்த முன்னேற்பாடே நெரிசலாகிவிடக்கூடும். இதைச் சோதிப்பது எளிது: சேவையின் மேல் வலச்சொடுக்கி 'ஸ்டாப்' கொடுங்கள், 'ஸ்டார்ட்அப் டைப்' எதையும் மாற்றாதீர்கள். பத்து நிமிடத்தில் வட்டு அமைதியடைந்தால் பிறகு முடக்குவதைப் பற்றி யோசிக்கலாம். வேறுபாடு தெரியாவிட்டால் காரணம் வேறு. அதை மீண்டும் இயக்கிவிடுங்கள்.

அடுத்த ஐயம் 'விண்டோஸ் சர்ச்' மேல் விழும். கோப்புகளின் சொல்லடைவைத் தயாரிக்கும் இச்சேவை, புதிய கணினியிலும் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகும் சில மணி நேரம் கடுமையாக உழைத்துவிட்டுத் தணியும். அதை அடியோடு முடக்கினால் தொடக்கப் பட்டியின் தேடலும் மின்னஞ்சல் தேடலும் முடங்கித் தடுமாறும். அதைவிட, 'இன்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' என்னும் பகுதிக்குச் சென்று, திருமண நிழற்படங்களும் திரைப்படங்களும் நிறைந்த கோப்புறைகளை மட்டும் அடைவிலிருந்து விலக்குவது நல்ல வழி.

இரண்டும் காரணமில்லை என்றால் வட்டின் உடல்நிலையைச் சோதியுங்கள். தேய்ந்துபோன வன்தட்டு, சிறிய வேலைக்கே நூறு சதவீதம் காட்டும். வன்தட்டை மாற்றி எஸ்எஸ்டி போடுவதால் கிடைக்கும் வேகத்தில் சிறு பங்கைக்கூடச் சேவைகளை முடக்கிப் பெற முடியாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் பிரிண்டரே கிடையாது. 'பிரிண்ட் ஸ்பூலர்' எதற்கு?

தாராளமாக நிறுத்தலாம், விண்டோஸின் சொந்தச் சேவைகளில் நான் மனமுவந்து பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான். கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடும் சேவை இது. 2021 ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்று அழைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இதில் வெளிப்பட்டபோது, அதன் வழியே வெளியாள் கணினியை முழுமையாகக் கைப்பற்ற முடியும் என்று தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அச்சுப்பொறி இல்லாத வீட்டில் அப்படியொரு வாசலைத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதும் விண்டோஸின் பார்வையில் ஓர் அச்சுப்பொறியே. ஸ்பூலர் நின்றால் அதுவும் நிற்கும். குரோம் உலாவியின் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' இதைச் சாராதது என்பதால், ரயில் பயணச் சீட்டையோ மின் கட்டண ரசீதையோ உலாவியிலிருந்து சேமிப்பவர்களுக்குச் சிக்கல் வராது.

'ஸ்டாப்' கொடுத்தேன், நின்றது. மறுநாள் பார்த்தால் மறுபடி ஓடுகிறது. ஏன்?

'ஸ்டாப்' என்பது இந்த நேரத்துக்கான ஆணை. 'ஸ்டார்ட்அப் டைப்' என்பது நிலையான ஆணை. மேலே மூன்றாம் கேள்வியில் சொன்ன வகைகளில் அது 'ஆட்டோமேட்டிக்' ஆகவே இருந்தால், அடுத்த தொடக்கத்தில் மீண்டும் எழும்.

நிலையாக நிறுத்த விரும்பினால் 'டிஸேபிள்டு' பக்கம் போகும் முன் 'மேனுவல்' கொடுத்துப் பாருங்கள். தானாகத் தொடங்காது, ஆனால் வேறொரு நிரலுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் எழுந்து வேலையை முடிக்கும். முழுதாக முடக்கிவிட்டால், தேவைப்படும் நிரல் பிழை எண் 1058ஐக் காட்டி நின்றுவிடும். 'மேனுவல்' கொடுத்தும் நாள்தோறும் ஓடுகிறது என்றால், அதை யாரோ கேட்கிறார்கள் என்று பொருள். யார் என்று தெரியாமல் முடக்காதீர்கள்.

சில சேவைகளில் 'ஸ்டாப்' பொத்தானே மங்கலாக இருக்கிறது. அட்மினாக நுழைந்தும் முடியவில்லையே?

அது தவறு அன்று, தடுப்பு. 'ரிமோட் ப்ரொசீஜர் கால்' என்னும் சேவையை நிறுத்தினால், ஒன்றோடொன்று பேசும் வழியையே பிற சேவைகள் இழந்துவிடும் என்பதால் விண்டோஸ் அந்தப் பொத்தானைத் திறந்து வைப்பதில்லை. அதன் பெயரில் 'ரிமோட்' இருப்பதைக் கண்டு வெளியார் நுழையும் வழி என்று அஞ்சுபவர்கள் பலர். ஒரே கணினிக்குள் நடக்கும் உரையாடலுக்கும் அதுவே அடிப்படை. 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' நச்சுநிரல் தடுப்புச் சேவையும் இப்படிக் காக்கப்பட்டது. நச்சுநிரல் முதலில் நிறுத்த முயல்வது அதைத்தான்.

பொத்தான் திறந்திருந்தாலும் தொடக்கூடாத சில உண்டு: 'பிளக் அண்ட் பிளே', 'விண்டோஸ் ஈவென்ட் லாக்', 'கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ்', 'பேஸ் ஃபில்டரிங் என்ஜின்', 'யூசர் ப்ரொஃபைல் சர்வீஸ்'. கடைசியாகச் சொன்னது இயங்காவிட்டால் உங்கள் கணக்கில் நுழையவே முடியாது.

நெட்வொர்க் சம்பந்தமாக ஏதோ ஒன்றை நிறுத்தினேன். இப்போது 1068 என்று பிழை வருகிறது, இணையமும் இல்லை.

பிழை எண் 1068, நீங்கள் தொடங்க முயலும் சேவை எதைச் சார்ந்திருக்கிறதோ அது ஓடவில்லை என்று சொல்கிறது. ஆகவே பிழை காட்டும் சேவையில் குற்றமில்லை. அதற்கு அடியில் உள்ளதைத் தேட வேண்டும். சேவையை இருமுறை சொடுக்கி 'டிபெண்டென்சீஸ்' பக்கத்துக்குச் சென்றால் இரண்டு கட்டங்கள் இருக்கும். மேலே இருப்பவை இச்சேவைக்குத் தேவையானவை. கீழே இருப்பவை இதை நம்பி இருப்பவை.

இணையத்தைப் பொறுத்தவரை, 'டிஹெச்சிபி கிளையண்ட்' முகவரியைப் பெற்றுத் தருகிறது. அதுவோ 'நெட்வொர்க் ஸ்டோர் இன்டர்ஃபேஸ் சர்வீஸ்' என்பதைச் சார்ந்தது. கேள்விப்படாத பெயராக இருக்கிறதே என்று பின்னதை முடக்கியவர்களின் இணைப்பு முற்றிலும் அறுந்துபோகும். அதை மீண்டும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, கணினியை 'ரீஸ்டார்ட்' செய்தால் பிற சேவைகள் தாமாகவே அதன்மேல் எழும். ஒலி வராதபோதும் இதே முறைதான்: 'விண்டோஸ் ஆடியோ' சேவைக்கு 'ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' தேவை.

டச் ஸ்கிரீன் இல்லை என்பதால் டச் கீபோர்டு சேவையை முடக்கினேன். அதற்குப் பிறகு தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

தமிழில் எழுதும் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் 10இல் 'டச் கீபோர்டு அண்ட் ஹேண்ட்ரைட்டிங் பேனல் சர்வீஸ்' என்று பெயர் இருந்தாலும், அதன் வேலை தொடுதிரையோடு முடிவதில்லை. மொழி மாற்றும் பட்டை, எழுத்துகளைக் கூட்டித் தரும் உள்ளீட்டு முறைகள், தொடக்கப் பட்டியின் தேடல் கட்டத்தில் எழுதுவது ஆகியவற்றுக்கும் அது துணை நிற்கிறது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்போடு வந்த தமிழ் ஒலிப்பு விசைப்பலகையும் அத்தகைய ஓர் உள்ளீட்டு முறையே.

எனவே சேவையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் 11இல் 'டெக்ஸ்ட் இன்புட் மேனேஜ்மென்ட் சர்வீஸ்' என்ற பெயரைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர் தயாரித்த முடக்கல் பட்டியல்களில் இச்சேவை இடம்பெறுவது உண்டு. அந்த இழப்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

'விண்டோஸ் அப்டேட்' சேவையை முடக்கினாலும் தானாகவே திரும்ப வந்துவிடுகிறதே?

'விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ்' என்று ஒரு சேவை இருக்கிறது. புதுப்பிப்பு ஏற்பாடு பழுதாகாமல் பார்த்துக்கொள்வதே அதன் பணி. நீங்கள் முடக்கியதையும் ஒரு பழுதாகக் கருதி அது சரிசெய்கிறது. அதோடு போராடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத வீட்டுக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது பெரிய ஆபத்து.

நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரவுத் திட்டத்தில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களின் கவலை நியாயமானது. அவர்கள் அந்த வைஃபை இணைப்பின் பண்புகளில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்கினால், பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்கா. அமைப்புகளில் புதுப்பிப்பை ஐந்து வாரம் வரை தள்ளி வைக்கவும் இடமுண்டு. 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' பகுதியில், பிற கணினிகளுடன் பகிர்வதை அணைத்துவிட்டால், இறங்கிய புதுப்பிப்பை உங்கள் கணினி இணையத்தில் பிறருக்கு ஏற்றி அனுப்புவதும் நிற்கும்.

ஷட்டவுன் செய்து திறந்தாலும் கோளாறு அப்படியே இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சரியாகிறது. இது எப்படி?

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் 'ஷட்டவுன்' கொடுத்தால், உங்கள் கணக்கு மூடப்படுகிறது. ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கருநிரலும் சேவைகள் ஓடும் அமர்வும் வட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு, மறுநாள் எடுத்து வைக்கப்படுகின்றன. முதல் கேள்வியில் சொன்ன அந்தத் தனி அமர்வுதான் இது. சிக்கிக்கொண்ட சேவை, சிக்கிய நிலையிலேயே எழும். 'ரீஸ்டார்ட்' மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே சேவையில் எந்த மாற்றம் செய்தாலும் 'ரீஸ்டார்ட்' செய்தே சோதியுங்கள்.

சில சேவைப் பெயர்களின் கடைசியில் புரியாத எழுத்தும் எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வைரஸா?

அடிக்கோட்டுக்குப் பின் ஐந்தாறு எழுத்துகளும் எண்களும் வருபவை பெரும்பாலும் பயனருக்கென்று தனியே தோன்றும் சேவைகள். ஒவ்வொருவர் உள்நுழையும்போதும் ஒரு படி உருவாகும். வால்பகுதி அமர்வுக்கு அமர்வு மாறும். அவை விண்டோஸின் வழக்கமான நடத்தையே.

உண்மையான ஐயம் இருந்தால் பெயரை நம்பாமல் கோப்பின் இருப்பிடத்தைப் பாருங்கள். 'சர்வீஸ் ஹோஸ்ட்' நிரல், விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'சிஸ்டம்32' கோப்புறையிலிருந்து ஓட வேண்டும். அதே பெயரில் தற்காலிகக் கோப்புறையிலிருந்தோ பயனர் கோப்புறையிலிருந்தோ ஒன்று ஓடினால் அது போலி. ஆனால் இருப்பிடம் சரியாக இருப்பது மட்டும் சான்றாகாது: நான்காம் கேள்வியில் சொன்னபடி ஊர்தி உண்மையானதாக இருக்க, அதில் ஏறிய நிரலகம் தீயதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் 'ஆட்டோரன்ஸ்' கருவி உதவும். நிரலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் மின்கையொப்பத்தின் சரிபார்ப்பை இயக்கி, மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைத்துவிட்டால், விளக்கம் கேட்க வேண்டியவை மட்டும் எஞ்சும்.

ஒரு சேவை நாளுக்கு நான்கு முறை தானாகவே நின்றுவிடுகிறது. காரணத்தை எங்கே தேடுவது?

'ஈவென்ட் வியூவர்' கருவியில் 'சிஸ்டம்' பதிவேட்டைத் திறந்து, 'சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர்' எழுதியவற்றை மட்டும் வடிகட்டுங்கள். 7031, 7034 ஆகிய எண்கள் எதிர்பாராமல் விழுந்ததையும், 7000 தொடங்க முடியாததையும், 7009 உரிய நேரத்துக்குள் பதிலளிக்காததையும் குறிக்கும். அந்த உரிய நேரம் இயல்பாக 30 நொடி. வேகம் குறைந்த வன்தட்டில் இது போதாமல் போவதுண்டு. 7040 என்ற எண்ணையும் தேடிப் பாருங்கள்: எந்தச் சேவையின் தொடக்க வகை எப்போது மாற்றப்பட்டது என்பதை அது சொல்லும். வீட்டில் பலர் ஒரே கணினியைக் கையாளும்போது இது மிகப் பயனுள்ளது.

சேவையின் பண்புகளில் 'ரெக்கவரி' பக்கத்தில், விழுந்தால் மீண்டும் தொடங்கும்படி அமைக்கலாம். மூன்றாம் முறைக்கும் அதையே கொடுத்துக் கோளாறை மறைத்துவிடாதீர்கள். அதன் மென்பொருளைப் புதுப்பிப்பதே தீர்வு.

நிரலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன், அதன் சேவை மட்டும் பட்டியலில் நிற்கிறது. எப்படி நீக்குவது?

பண்புகளைத் திறந்து, காட்டப்படும் கோப்பு வட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு இல்லையென்றால் அது வெறும் பெயர். 'டிஸேபிள்டு' கொடுத்து விட்டுவிட்டாலே எந்தக் கேடும் இல்லை. நீக்கியே ஆக வேண்டுமென்றால், நிர்வாகியாகத் திறந்த 'கமாண்ட் ப்ராம்ப்ட்' சாளரத்தில் 'எஸ்சி' கட்டளையின் 'டெலீட்' செயலைப் பயன்படுத்த வேண்டும். அதற்குக் கொடுக்க வேண்டியது பட்டியலில் தெரியும் நீண்ட பெயர் அன்று. பண்புகளில் 'சர்வீஸ் நேம்' என்று முதல் வரியில் உள்ள குறும்பெயர். இதற்கு மீட்பு கிடையாது என்பதால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்தில் ('ரெஜிஸ்ட்ரி') அச்சேவையின் கிளையை முன்னதாக ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

'சிஸ்டம் கான்ஃபிகரேஷனில்' எல்லாவற்றையும் டிஸேபிள் செய்துவிட்டேன். இப்போது உள்நுழையத் தரும் 'பின்' எண்ணைக்கூட ஏற்க மறுக்கிறது. என்ன செய்வது?

மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்காமல் 'டிஸேபிள் ஆல்' அழுத்தியதன் விளைவு இது. பின் எண்ணைச் சரிபார்க்கும் சேவைகளும் சேர்ந்து நின்றுவிட்டன. கடவுச்சொல்லால் நுழைய முடிந்தால், அதே கருவியில் 'நார்மல் ஸ்டார்ட்அப்' தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

நுழையவே முடியாவிட்டால், உள்நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகச் சென்றால் 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கும். சேவைகளின் தொடக்க வகைகள் பதிவகத்தில் எழுதப்படுவதால், முன்பொரு நாளின் நிலையைப் பதிந்து வைத்த மீட்புப் புள்ளிக்குத் திரும்பும்போது அவையும் அந்த நாளின் நிலைக்குத் திரும்பும். குறியாக்கம் செய்யப்பட்ட கணினியானால், விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் மீட்புத் திறவெண்ணைக் கேட்கக்கூடும். அது வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மீட்புப் புள்ளியே இல்லையென்றால், அதே இடத்தில் உள்ள 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியே அடிப்படைச் சேவைகளோடு மட்டும் தொடங்கும் 'சேஃப் மோடு' சென்று, அதே விண்டோஸ் பதிப்பு ஓடும் இன்னொரு கணினியின் பட்டியலை அருகில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சேவையின் தொடக்க வகையாக ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.